படலைக்கும் மண்டபத்துக்கும் இடையில்: மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் கிழக்குக் கரையின் வேறு இரண்டு இரவுகளும்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு மத்திய வீதியில் உள்ள சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் நின்றார்கள். சிற்றுண்டி நேரம். மண்டபத்துக்குள் காலை ஆராதனைக்குச் சனம் சேர்ந்துகொண்டிருந்தது. முதுகில் பையுடன் ஒருவன் வளவுக்குள் வந்தான். சபைக்குப் புதிய முகம். பையில் வீடியோ கமெரா இருக்கிறது, வழிபாட்டைப் படம் பிடிக்க வேண்டும் என்று காரணம் சொன்னான். அதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லி, சபையைச் சேர்ந்த ஒருவர் அவனை உள்ளே விடாமல் வெளியே நடத்தினார். ஏறத்தாழ 9.05 மணிக்குக் குண்டு வெடித்தது. மறித்தவரும் இறந்தார். அந்த வளாகத்தில் இறந்தோர் 31 பேர், அவர்களில் 14 பேர் சிறுவர்கள்.

குண்டுடன் வந்தவன் முதலில் புனித மரியாள் பேராலயத்துக்குப் போனான், அங்கே திருப்பலி முடிந்திருந்ததால் இங்கே வந்தான் என்று செய்திகள் கூறின. இந்தக் கட்டுரையில் அவனுடைய பெயர் இல்லை. அதே ஆண்டு மார்ச் 15இல் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனின் பெயரைத் தான் உச்சரிக்கப்போவதில்லை என்று நியூசிலாந்துப் பிரதமர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அது வெறும் மரியாதை சார்ந்த முடிவு அல்ல. இப்படிக் கொலை செய்பவர்களில் பலர் முன்னே செய்தவனின் பெயரையும் படத்தையும் தேடிப் படித்திருக்கிறார்கள்.

உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த குண்டுவெடிப்புகளில் நாடெங்கும் இறந்தோர் 260க்கு மேல். இந்திய உளவுத் தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே வந்திருந்தது. அதன்படி நடக்காததற்காக முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபாவும், பொலிஸ்மா அதிபரும் அரச புலனாய்வுத் தலைவரும் தலா 7.5 கோடி ரூபாவும் செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அது மேல்மட்டத்தின் கணக்கு. கீழே, ஒரு தேவாலய வளவிலும் ஒரு வாடகை வீட்டுத் தெருவிலும் ஒரு பொலிஸ் நிலையத்திலும் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதையே இங்கு பார்க்கிறோம்.

சில மீற்றர் தூரம்

சீயோனில் வேலை செய்தது ஒரு கேள்வி. அந்தக் கேள்வி குண்டைத் தடுக்கவில்லை, ஆனால் அது வெடித்த இடத்தை மாற்றியது. மூடிய மண்டபத்துக்குள் வெடித்தால் அழுத்த அலை சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பி வந்து அதே ஆட்களை இரண்டாம் மூன்றாம் தரமும் அடிக்கும். நுரையீரலும் குடலும் காதும் அதில்தான் கிழிகின்றன. திறந்த வெளியில் அலை ஒரு தரம் கடந்து போய்விடும். வெடிக்கு அண்மையில், தூரம் இரு மடங்கானால் அழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒன்றாக விழும். அதே காலையில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் குண்டுடன் வந்தவன் தடையின்றி உள்ளே நடந்தான். அங்கே இறந்தோர் நூற்றுக்கு மேல்.

இந்த ஒப்பீட்டோடு நின்றுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். மண்டபத்தைக் காப்பாற்றிய அந்தச் சில மீற்றர் தூரத்தில்தான் பிள்ளைகள் நின்றார்கள். படலைக்கும் மண்டபக் கதவுக்கும் இடையிலுள்ள முற்றம்தான் மறித்துக் கேட்பதால் நமக்குக் கிடைக்கும் இடைவெளி. அது வெறுமையாக இருந்தால் மட்டுமே அதற்குப் பெறுமதி. நம் ஊர்களில் அதே முற்றத்தில்தான் பிள்ளைகளுக்குப் பணிஸும் தேநீரும் கொடுக்கிறோம், செருப்பைக் கழற்றுகிறோம், மோட்டார் சைக்கிள்களை அடுக்குகிறோம், திருவிழா நாளில் அன்னதான வரிசையை நிறுத்துகிறோம்.

அதனால் முதல் மாற்றம் இடம் சார்ந்தது. பிள்ளைகளின் கூடுகை கட்டடத்தின் பின்புறம் போக வேண்டும், மதிலுக்கும் சுவருக்கும் நடுவில். அங்கிருந்து பின்வீதிக்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும். மின்பிறப்பாக்கியும் எரிபொருள் கானும் வாசல் பக்கம் இருக்கக் கூடாது. சீயோனில் வெடிக்குப் பிறகு வாகனங்களும் மின்பிறப்பாக்கியும் தீப்பற்றியதால் காயப்பட்ட சிலரை நெருங்க முடியவில்லை என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். குண்டு வெடித்தபின் நடந்த மரணங்கள் அவை. கானை வேறு இடத்தில் வைப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், செலவும் இல்லை.

9 கிலோ வெடிமருந்து கொண்ட தற்கொலை அங்கிக்கு, கட்டடத்துக்குள் இருப்பவர்கள் குறைந்தது 34 மீற்றர் விலக வேண்டும் என்பது வெளிநாட்டுப் பாதுகாப்புத் துறைகளின் கைநூல் அளவு. மட்டக்களப்பு நகருக்குள் எத்தனை கோவில் வளவு, பள்ளிவாசல் வளவு, தேவாலய வளவு 34 மீற்றர் நீளம்? மிகக் குறைவு. ஆகவே தூரம் போதாத இடத்தில் சுவரைத் தேட வேண்டும். மண்டபத்தின் முன்பக்கக் கண்ணாடி யன்னல்களுக்கு ஒட்டும் பிளாஸ்ரிக் படலம் பூசலாம். அல்லது தடித்த திரையாவது போடலாம். வெடியில் கண் போவது பெரும்பாலும் உடைந்த கண்ணாடியால்.

வாசலில் நிற்பவர் தனியாக நிற்கக் கூடாது. இருவர் வேண்டும். ஒருவர் படலையில் நின்று வருபவரோடு பேசுகிறார். மற்றவர் மண்டபக் கதவடியில், முதலாமவரைப் பார்த்தபடி, கையில் போனுடன் நிற்கிறார். இரண்டாமவருக்கு ஒரே வேலை: முதலாமவர் முன்கூட்டிப் பேசிவைத்த அடையாளத்தைக் காட்டினால், உதாரணமாக இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினால், கதவைச் சாத்தி, பின் வழியால் சனத்தை வெளியேற்றச் சொல்லி ஒலிவாங்கியில் ஒரு வசனம் சொல்வது. அந்த வசனத்தையும் முன்பே எழுதி ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். பதற்றத்தில் எவருக்கும் புது வசனம் வராது.

பேசுபவரின் முதற் கேள்வி "வாங்கோ, யாரைப் பார்க்க வந்தனீங்க?" என்பதாக இருக்கலாம். அது விருந்தோம்பல்தான், அதே நேரம் சோதனையும்தான். வருகிறவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பை கொண்டு வருபவர் எவரானாலும் படலைக்கு வெளியே உள்ள மேசையில் வைக்க வேண்டும் என்ற விதியை ஒரு கிழமைக்கு முன்பே எல்லாருக்கும் அறிவித்துவிட்டால், அன்று அதைக் கேட்பது ஒருவரைச் சந்தேகிப்பதாகாது. விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். உடையைப் பார்த்து ஒருவரை விட்டு ஒருவரைப் பிடித்தால் அந்த ஓட்டை எங்கே என்று தேடி வருகிறவன் கண்டுபிடிப்பான். 2025 பெப்ரவரி 19இல் கொழும்பு நீதிமன்றத்துக்குள் சுட்டவன் சட்டத்தரணி வேடத்தில் போனான். குடைந்த சட்டப் புத்தகத்துக்குள் மறைத்த கைத்துப்பாக்கியை, அதே வேடத்தில் வந்த பெண்ணொருவர் அவனுக்குக் கொண்டுவந்து கொடுத்தார் என்று பொலிஸார் கூறினர்.

மறுக்கிறவரை இழுக்கவோ பையைப் பறிக்கவோ போகக் கூடாது. அடையாளம் காட்டிவிட்டு விலக வேண்டும். சீயோனில் மறித்தவர் விலகவில்லை. அவர் செய்ததைச் செய்யும்படி இன்னொருவரிடம் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. அதனால்தான் இரண்டாவது ஆள்.

கதவுகளும் கணக்கில் வரும். 1 மீற்றர் அகலக் கதவால் நிமிடத்துக்கு 60 முதல் 80 பேர் வெளியேறலாம். 300 பேர் உள்ள மண்டபத்துக்கு ஒரே கதவென்றால் நான்கு ஐந்து நிமிடம். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கதவு திறந்திருந்தால் அது பாதியாகும். பெரும்பாலான மண்டபங்களில் அந்த இரண்டாவது கதவு இருக்கிறது. ஆனால் உள்ளே பிளாஸ்ரிக் கதிரைகள் அடுக்கி, வெளியே ஆமைப்பூட்டுப் போட்டிருக்கும். திறப்பு, அன்று வராத ஒருவரின் வீட்டில். ஆட்கள் கூடியிருக்கும் வரை அந்தப் பூட்டு கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

வழிபாட்டிடத்தில் கூட்டத்தின் மேல் ஆயுதம் திரும்புவது கிழக்கில் 2019இல் தொடங்கியதல்ல. 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சன்னங்கள் பாய்ந்த தடயங்கள் மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவரில் இன்றும் இருக்கின்றன. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மேலே சொன்ன அதே புனித மரியாள் பேராலயத்துக்குள், நாடாளுமன்ற உறுப்பினர் யோசப் பரராசசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். எந்த மத வழிபாட்டிலும் சனத்தின் பார்வை முன்னால் இருக்கும், வாசல் முதுகுப் பக்கம் இருக்கும். கடைசி வரிசையில் இருவர் வாசலைப் பார்த்திருக்க வேண்டும். முறை வைத்துச் செய்தால் ஒருவருக்கு மாதத்தில் ஒருநாள் தொழுகையோ திருப்பலியோ சற்றுக் குறைபடும், அவ்வளவுதான்.

முதல் பத்து நிமிடம்

வெடிக்குப் பிறகு ஓடி வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். அதுவே ஆபத்தும். ஏப்ரல் 21 அன்று தெமட்டகொடவில் வீடொன்றைச் சோதிக்கப் போன பொலிஸார் மூவர், உள்ளே வெடித்த குண்டில் இறந்தனர். மறுநாள் கொச்சிக்கடை ஆலயத்துக்கு அருகே நின்ற வானில் இருந்த குண்டு, செயலிழக்க வைக்க முயன்றபோது வெடித்தது. முதல் வெடியில் கூடும் கூட்டத்துக்கு இரண்டாவது வெடி காத்திருக்கலாம். ஆகவே வருகிறவர்களில் பாதிப்பேர் உள்ளே போகாமல், வீதியின் இரு முனையையும் மறித்து, அம்புலன்ஸுக்கும் ஓட்டோவுக்கும் ஒரு பாதை திறந்து வைப்பதே பெரிய உதவி. உள்ளே போகிறவர்கள், நடக்கக் கூடியவர்களை முதலில் கூப்பிட்டு வெளியே எடுக்க வேண்டும். கூப்பிட்டும் அசையாதவர்களில் சிலருக்குச் செவிப்பறை கிழிந்திருக்கும், கேட்காது. முன்னால் போய்க் கையால் சைகை காட்ட வேண்டும்.

தொடையின் பெரிய நாடி அறுந்தால் மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் உயிர் போகும். எந்த அம்புலன்ஸும் அதற்குள் வராது. பெரியவர் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம். 18 கிலோ எடையுள்ள ஐந்து வயதுப் பிள்ளைக்கு 1.4 லீற்றர் அளவுதான். பெரியவர் ஒரு தம்ளர் இரத்தம் இழந்தால் தாங்குவார், பிள்ளைக்கு அதே ஒரு தம்ளர் ஏழில் ஒரு பங்கு. முற்றத்தில் நின்றது பிள்ளைகள் என்றால் முதலில் ஓட வேண்டியது அவர்களிடம்தான்.

கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டால் முதலில் இரு உள்ளங்கைகளாலும், முழங்கையை மடக்காமல், உடல் பாரத்தைப் போட்டு அழுத்த வேண்டும். சுத்தமான துணி இல்லாவிட்டால் இருக்கிற துணி. காயம் ஆழமாக இருந்தால் துணியின் நுனியை விரலால் இரத்தம் வரும் இடம் வரை உள்ளே திணித்து நிரப்பி, மேலே அழுத்த வேண்டும். நோகும், கத்துவார்கள், நிறுத்தக் கூடாது. நெஞ்சிலும் வயிற்றிலும் இப்படித் திணிக்கக் கூடாது.

அழுத்தியும் நிற்கவில்லை என்றால் இறுக்குக் கட்டு. சாரத்தையோ சால்வையையோ கிழித்து 4 சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலத்தில் பட்டியாக மடிக்க வேண்டும். காயத்துக்கு மேலே, அதாவது உடல் பக்கமாக, 5 முதல் 7 சென்ரிமீற்றர் தள்ளிச் சுற்ற வேண்டும். முழங்கால், முழங்கை மூட்டில் அல்ல. ஒரு முடிச்சு, அதன் மேல் உறுதியான தடி, தடியின் மேல் இன்னொரு முடிச்சு. தடியை முறுக்கி இரத்தம் நிற்கும் வரை இறுக்கிவிட்டு, தடி திரும்பாமல் கட்ட வேண்டும். நேரத்தை நெற்றியில் அல்லது கட்டிலேயே பேனையால் எழுத வேண்டும். பிறகு டொக்டரைத் தவிர எவரும் அதைத் தளர்த்தக் கூடாது.

தவறு நடப்பது வழக்கமாக மூன்று இடத்தில். கயிறு, கம்பி, போன் சார்ஜர் வயர் போன்ற மெல்லியதைக் கட்டுவது: அது தோலை அறுக்கும், நாடியை மூடாது. அரைகுறையாக இறுக்குவது: இரத்தம் உள்ளே போகும், திரும்பி வராது, காயத்தால் இன்னும் அதிகமாக வெளியேறும். "கால் செத்துப்போகும்" என்ற பயத்தில் இடையிடையே தளர்த்துவது: இரண்டு மணித்தியாலம் வரை பெரும்பாலும் கால் தப்பும், தளர்த்தினால் ஆள் தப்பமாட்டார். சின்னப் பிள்ளையின் மெல்லிய காலுக்குக் கை அழுத்தமே பெரும்பாலும் போதும்.

கோப்பித்தூள், மஞ்சள் தூள், மண்ணெண்ணெய் எதுவும் காயத்தில் படக்கூடாது. குத்தி நிற்கும் இரும்புத் துண்டைப் பிடுங்கக் கூடாது. அதுவே நாடியை அடைத்துக்கொண்டிருக்கலாம். இரு பக்கமும் துணியைச் சுருட்டி வைத்து அசையாமல் கட்ட வேண்டும். எரிகாயத்துக்கு ஓடும் தண்ணீர் 20 நிமிடம். தேங்காய் எண்ணெயும் பற்பசையும் சூட்டை உள்ளே பூட்டி வைக்கும். நெஞ்சில் துளை இருந்தால் காற்றுப் புகாதபடி நாலா பக்கமும் ஒட்டிவிடக் கூடாது. திறந்தபடி விட்டு, சாய்த்து உட்கார வைத்து, முதல் வாகனத்தில் ஏற்ற வேண்டும்.

ஒரு காயமும் இல்லாமல் "எனக்கு ஒண்டுமில்ல" என்று வீட்டுக்குப் போகிறவர் இருப்பார். வெடி அலையால் நுரையீரலில் ஏற்படும் நசிவு சில மணித்தியாலம் கழித்துத்தான் மூச்சு வாங்கலாகத் தெரியும். வெடிக்கு அண்மையில் நின்ற எல்லாரையும், காதிரைச்சல் மட்டும் உள்ளவரையும், ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசல்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை நகருக்குள் இருப்பதால் காயப்பட்டவர்கள் விரைவாகப் போய்ச் சேர முடிந்தது. நகருக்குள் இருப்பதாலேயே உறவினரும் பார்வையாளரும் இரத்தம் கொடுக்க வந்தவர்களும் அதே வாசலில் குவிந்தார்கள். இப்படிப்பட்ட நாளில் ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் மட்டும் போக வேண்டும். கையில் அடையாள அட்டை இலக்கம், தேடும் ஆளின் அண்மைய படம், அன்று போட்டிருந்த உடையின் நிறம். பிள்ளைகளிடம் அடையாள அட்டை இருக்காது. ஞாயிறு பள்ளியோ அறநெறிப் பாடசாலையோ குர்ஆன் மத்ரஸாவோ, அன்று வந்த பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலின் ஒரு பிரதி அந்தக் கட்டடத்துக்கு வெளியே, வேறொருவரின் போனில் இருந்தால், பெற்றோர் வார்ட் வார்டாக ஓடும் நேரம் குறையும்.

இரத்தம் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. இன்று கொடுக்கும் இரத்தம் இன்று காயப்பட்டவருக்கு ஏற்றப்படுவது அரிது. பரிசோதனைக்கே மணித்தியாலங்கள் போகும். அன்று உயிரைக் காப்பாற்றுவது போன கிழமை கொடுத்த இரத்தம். செங்குருதிக் கலங்களை ஐந்து, ஆறு கிழமை வரை வைத்திருக்கலாம், குருதிச் சிறுதட்டுக்களை ஏறத்தாழ ஐந்து நாள். ஒரு நாளில் ஊரே கொடுத்துவிட்டால், திரும்பக் கொடுக்க நான்கு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதால், அடுத்த மாதம் இரத்த வங்கி வெறுமையாகும். இரத்த வங்கி அறிவித்த பிறகு, அது சொல்லும் வகைக்காரர் மட்டும், சொல்லும் நாளில் போவதே சரி. 18 வயதுக்கு மேல், 60க்குக் கீழ், 50 கிலோவுக்குக் குறையாத எடை.

சாய்ந்தமருது, ஏப்ரல் 26

ஐந்து நாள் கழித்து, அம்பாறை மாவட்டக் கரையில், கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருதில் வாடகைக்கு எடுத்த வீடொன்றில் புதிதாக வந்து தங்கியவர்கள் மேல் அயலவருக்குச் சந்தேகம் வந்தது. விசாரிக்கப் போனவர்களுக்குத் துவக்குக் காட்டப்பட்டது. அவர்கள் பொலிஸுக்கு அறிவித்தார்கள். இராணுவமும் விசேட அதிரடிப்படையும் சுற்றி வளைத்தபோது சூட்டுச் சண்டை நடந்தது. உள்ளே இருந்தவர்கள் ஏப்ரல் 21 தாக்குதலை நடத்திய குழுவைச் சேர்ந்தவர்கள்; குண்டுகளை வெடிக்கவைத்துத் தங்கள் பிள்ளைகளோடு இறந்தார்கள். 15 உடல்கள் எடுக்கப்பட்டன, அவற்றில் 6 பிள்ளைகளுடையவை. கல்முனை, சவளக்கடை, சம்மாந்துறைப் பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்கு போடப்பட்டது.

அந்தத் தகவலைக் கொடுத்தவர்கள் சாய்ந்தமருது முஸ்லிம்கள். ஏப்ரல் 21க்குப் பிறகு அந்தச் சமூகத்தின் கடையில் சாமான் வாங்குவதை நிறுத்தியவர்கள், தங்களுக்கு வரக்கூடிய அடுத்த தகவலை வெட்டிக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். இது நீதி பற்றிய வாதம் மட்டுமல்ல, பாதுகாப்புப் பற்றியதும்.

அயலவர் செய்ததில் பின்பற்றக் கூடியது ஒன்று, கூடாதது ஒன்று. கவனித்ததும் அறிவித்ததும் சரி. கதவைத் தட்டிக் கேட்கப் போனது, அன்று தற்செயலாக உயிரோடு முடிந்தது. புதுக் குடித்தனம் என்றால் வாடகை கொடுத்தவரிடம் கேட்கலாம், கிராம சேவகரிடம் பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். அடைத்த யன்னல், இரவில் இறங்கும் சாமான், பிள்ளைகள் இருந்தும் வெளியே விடாதது என்று பார்த்ததை மட்டும், அனுமானம் சேர்க்காமல், நேரத்தோடு எழுதி 119க்கோ பொலிஸ் நிலையத்துக்கோ சொல்லலாம். "ஆள் ஒரு மாதிரி" என்பது தகவல் ஆகாது.

சூடு தொடங்கிவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வது? சுனாமிக்குப் பிறகு கட்டிய கரையோர வீடுகளில் பெரும்பாலும் துவாரமுள்ள சீமெந்துக் கல்லுச் சுவர். ரி-56 துவக்கின் 7.62 மில்லிமீற்றர்ச் சன்னம் நொடிக்கு 700 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வருகிறது. துவாரக் கல்லையும் பலகைக் கதவையும் தகரத்தையும் அஸ்பெஸ்ரோஸ் கூரையையும் அது துளைக்கும். அலுமாரிக்குப் பின்னால் நிற்பது மறைவு மட்டும்தான், காப்பு அல்ல. காப்பு என்றால் கொங்கிரீட் தூண், கிணற்றுக் கட்டு, மண் நிரப்பிய மூடைகள், வாகனத்தின் இயந்திரப் பகுதி, பருத்த மரத்தடி. வீட்டுக்குள் என்றால் சூடு வரும் பக்கத்துக்கும் நமக்கும் நடுவில் குறைந்தது இரண்டு சுவர் இருக்கும் அறை, பெரும்பாலும் குளியலறை. நிலத்தில் படுத்து, சுவரோடு ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி இருக்க வேண்டும், ஏனென்றால் சுவரில் பட்ட சன்னம் சுவரையொட்டியே வழுக்கி வரும்.

போர்க்காலத்தைக் கண்ட நாற்பது வயதுக்காரர் எவருக்கும் சத்தம் கேட்டதும் உடம்பு தானாகக் கீழே விழும். அவர்களின் பிள்ளைகள் யன்னலுக்கு ஓடுகிறார்கள், போனைத் தூக்கிக்கொண்டு. அந்த இடைவெளியை ஒரு மாலை நேரத்தில் வீட்டில் இருந்து பேசித் தீர்க்கலாம்: எந்த அறை, யார் எந்தப் பிள்ளையைத் தூக்குவது, பின்வளவால் எந்த வீட்டுக்கு.

திருக்கோவில், 2021

படலையில் எத்தனை பேர் நின்றாலும் உதவாத நிகழ்வு ஒன்றும் இதே கரையில் நடந்தது. 2021 டிசம்பர் 24 இரவு, திருக்கோவில் பொலிஸ் நிலையத்தில் அங்கேயே கடமையில் இருந்த சார்ஜன்ட் ஒருவர் சக பொலிஸார் மேல் சுட்டார். நான்கு பேர் இறந்தனர், பொறுப்பதிகாரி உட்படச் சிலர் காயப்பட்டனர். சுட்டவர் வாகனத்தில் தப்பி மொனராகலை மாவட்டத்தின் எத்திமலைப் பொலிஸில் சரணடைந்தார். விடுமுறை மறுக்கப்பட்டதே காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையோடு உள்ளே இருப்பவர் அவர். எந்தப் பைச் சோதனையும் அவரைப் பிடிக்காது.

இப்படியான இடத்தில் முன்கூட்டித் தெரிவது பேச்சில்தான். நெடுநாள் மனத்தாங்கல், தூக்கமின்மை, குடி, "எல்லாரையும் கொன்றுபோட்டுத்தான் போவன்" என்ற வார்த்தை. கடைசியாகச் சொன்னதைக் கோபத்தில் சொன்னது என்று தள்ளிவிடுவதே வழக்கமான பிழை. ஆயுதம் கையாளும் வேலையில் அப்படி ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே அவரிடமிருந்து ஆயுதத்தை எடுத்து வேறு கடமை கொடுக்க வேண்டும், தண்டனையாக அல்ல. தனியார் பாதுகாப்புக் காவலர் இருக்கும் வங்கிக்கும் கடைக்கும் இது பொருந்தும்.

சூடு உள்ளே நடந்தால் முதலில் வெளியேற வழி இருந்தால் ஓட வேண்டும், பொருளை எடுக்காமல், நேர்கோட்டில் நீண்ட நடைபாதையால் அல்ல, மூலை திரும்பும் வழியால். வழி இல்லை என்றால் கதவைப் பூட்டி, மேசையைத் தள்ளி அடைத்து, விளக்கை அணைத்து, போனின் ஒலியையும் அதிர்வையும் நிறுத்த வேண்டும். மறைந்திருப்பவருக்கு அழைப்பு எடுக்கும் உறவினர், தெரியாமலே அவரைக் காட்டிக் கொடுக்கிறார். குறுஞ்செய்தி போடலாம். இரண்டும் முடியாமல் ஆள் முன்னால் வந்துவிட்டால் மட்டும் பலர் ஒரே நேரத்தில், கையில் கிடைத்ததை முகத்தில் எறிந்து, துவக்குக் குழாயைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்க வேண்டும். கிறைஸ்ட்சேர்ச்சின் இரண்டாவது பள்ளிவாசலில் தொழ வந்த ஒருவர் கடனட்டைப் பொறியைத் தூக்கி எறிந்து துரத்தித்தான் சுட்டவனை விரட்டினார். பொலிஸ் உள்ளே வரும்போது கைகளை விரித்து வெறுங்கையாகக் காட்ட வேண்டும். அவர்களுக்கு யார் யாரென்று தெரியாது.

சோதனை வரிசையும் வதந்தியும்

2019 மேயில் பாடசாலைகள் திறந்தபோது வாசலில் பைகள் திறந்து பார்க்கப்பட்டன, உள்ளே இருப்பது தெரியும் பைகள் கேட்கப்பட்டன. பெற்றோர் மனம் ஆறுவதற்கு அது உதவியது. ஆனால் படலைக்கு வெளியே, வீதியோரத்தில், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே வரிசையில் அரை மணித்தியாலம் நின்றார்கள் என்றால் ஆபத்தை உள்ளேயிருந்து வெளியே இடம் மாற்றியதுதான் மிச்சம். வகுப்பு வாரியாக நேரம் பிரித்து, இரு வாசல் திறந்து, வரிசை 20 பிள்ளைகளைத் தாண்டாமல் வைத்த இடங்களில் மட்டுமே அந்தச் சோதனைக்கு அர்த்தம் இருந்தது.

ஏப்ரல் 21 அன்றே முகநூல், வட்ஸ்அப் முதலியவை முடக்கப்பட்டு 30ஆம் திகதிதான் திறக்கப்பட்டன. அந்த நாட்களில் அரசு சொன்ன இறந்தோர் தொகையே 359 வரை ஏறி, 25ஆம் திகதி 253ஆக இறங்கியது. சிதைந்த உடல்களை எண்ணுவதில் ஏற்பட்ட பிழை அது. சுகாதார அமைச்சுக்கே நூறு பேர் பிசகும் நாளில், வட்ஸ்அப்பில் வரும் "சற்றுமுன்" செய்தியை என்னவென்று எடுப்பது?

வதந்தியின் விலையை அம்பாறை நகரம் ஓராண்டுக்கு முன்பே கொடுத்திருந்தது. 2018 பெப்ரவரி 26 இரவு, முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு பேச்சு. அதை ஒப்புக்கொள்வதுபோல் கடைக்காரர் தலையசைத்தது வீடியோவாகப் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. சில நாட்களில் கண்டி திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன.

ஆகவே வந்த செய்தியை அனுப்பும் முன் மூன்றைப் பார்க்கலாம்: சொன்னவர் தானே கண்டாரா, எந்த இடம் எந்த நேரம் என்று இருக்கிறதா, பொலிஸோ மாவட்டச் செயலகமோ அதையே சொல்கிறதா. மூன்றும் இல்லையென்றால் அது உங்கள் போனிலேயே நிற்கட்டும். இறந்தவரின் படத்தை அனுப்பவே கூடாது. அந்தப் படத்தை முதலில் காண்பது தாயாக இருக்கலாம். படையினர் நிற்கும் இடத்தை நேரலையில் காட்டினால், உள்ளே இருப்பவனும் அதைப் பார்க்கிறான்.

பிறகு வரும் மாதங்களில் கதவு அடிபட்டால் திடுக்கிடும் பிள்ளை, திருவிழா வெடிக்கு மேசைக்கடியில் போகும் பிள்ளை, ஞாயிறு காலையில் மட்டும் வயிறு நோகும் பிள்ளை இருப்பார்கள். ஒரு மாதம் வரை இது எதிர்பார்க்கக் கூடியது. அதைத் தாண்டியும் தூக்கமும் பாடசாலையும் கெட்டால் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். "மறந்துபோ" என்று சொல்வதும், நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும், இரண்டுமே பிள்ளையைக் கெடுக்கும். கேட்டால் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கோவிலில் வெடி போடுவதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம்: நாளை காலை ஆறு மணிக்கு மூன்று வெடி, பிள்ளைக்கு இப்பவே சொல்லிவைங்கோ.